படுத்தால் கூடும் தலைவலி

பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆன பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். தாய் வீட்டில் இருக்கிறாள். காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு காரணம் கையில் இருக்கும். இரவெல்லாம் பிள்ளை தூங்கவிட்டால்தானே என்பார் அம்மா. பச்சை உடம்புக்காரிக்குத் தலைக்கு ஊற்றியது சேரவில்லை, நீர் கோத்துக்கொண்டது என்பார் பாட்டி. ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டார்களே, அன்றைக்கே நினைத்தேன் என்பார் அத்தை. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவார்கள். ஒரு மாத்திரை கொடுப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும்.

இந்தப் பெண்ணுக்கு முடியவில்லை. இரண்டாம் நாள் வலி முதல் நாளைவிடக் கூடுதல். மூன்றாம் நாள் அதைவிடவும் கூடுதல். படுத்தால் அதிகமாகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். விடியற்காலையில் வலியே எழுப்பிவிடுகிறது. இருமினாலோ, கழிவறையில் முக்கினாலோ மண்டை பிளக்கிறது. ஐந்தாம் நாள், எதிரே நிற்கும் தம்பி இரண்டு பேராகத் தெரிகிறான். ஆறாம் நாள் வலது கை வெட்டி வெட்டி இழுத்து, வலிப்பு வருகிறது.

இவள் கற்பனைப் பெண்தான். ஆனால் இந்த வரிசை நரம்பியல் வார்டுகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய வரிசை. நோயின் பெயர் மூளைச் சிரை ரத்த உறைவு. மருத்துவர்கள் சுருக்கமாக சி.வி.டி. என்பார்கள். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்களில் ரத்தம் கட்டியாக உறைந்து வழியை அடைப்பதுதான் இது. அரிய நோய். நெதர்லாந்தில் 2012ல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 13 பேருக்கு வருவதாகக் கண்டது. ஆகவே இன்று தலை வலிக்கும் ஒருவருக்கு இது இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். ஆனால் காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் நலமாக வீடு திரும்பும் நோய் இது. அப்படிக் கண்டுபிடிக்க முதல் துப்பு, பெரும்பாலும், தலைவலிதான்.

வாய்க்காலும் வடிகாலும்

மூளை உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர். உள்ளே கொண்டுபோகும் குழாய்கள் தமனிகள். உள்ளே போன அத்தனையும் அதே வேகத்தில் வெளியேறவும் வேண்டும். அந்த வேலையைச் செய்பவை சிரைகள்.

காவிரிப் பாசனத்துக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பயிர் காயும். வடிகால் அடைத்துக்கொண்டால் பயிர் அழுகும். இரண்டிலும் வெள்ளாமை போகிறது. ஆனால் போகும் விதம் வேறு, அதற்கு ஆகும் நாளும் வேறு. நாம் கேள்விப்படும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை வாய்க்கால் அடைப்பு. நின்றபடி பேசிக்கொண்டிருந்தவருக்கு நிமிடங்களில் கை விழுந்து, வாய் கோணுகிறது. சிரை அடைப்போ வடிகால் அடைப்பு. வயலில் நீர் ஏறுவதைப்போல நாள்கணக்கில் அழுத்தம் ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் நாளுக்கு நாள் வளரும் தலைவலியாக வெளியே தெரிகிறது.

மூளையின் வடிகால் அமைப்பில் பெரிய கால்வாய்களுக்கு மருத்துவத்தில் 'சைனஸ்' என்று பெயர். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'எனக்குச் சைனஸ் இருக்கிறது' என்று நாம் சொல்வது மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளில் வரும் அழற்சியை. இது வேறு சைனஸ். இதில் காற்று இல்லை, ரத்தம் ஓடுகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'சைனஸ் த்ராம்போசிஸ்', அதாவது சிரைக் கால்வாயில் உறைவு, என்று பார்த்துவிட்டு, 'சளிதான் கட்டிக்கொண்டதாம்' என்று நிம்மதி அடைந்த குடும்பம் இருந்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. பெயர் வைத்தவர்கள்மேல்தான் குற்றம்.

இந்தக் கால்வாய்களில் பெரியது நேர்வகிடு எடுக்கும் கோட்டுக்கு நேர் கீழே, மண்டையோட்டை ஒட்டி உள்பக்கமாக, நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பின்மண்டை வரை ஓடுகிறது. பின்மண்டையில் மற்றக் கால்வாய்கள் வந்து சேரும் ஒரு சந்திப்பு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவரின் பெயரை அந்த இடம் இன்றும் சுமக்கிறது; திராட்சை பிழியும் ஆலையோடு அதை ஒப்பிட்ட பழைய பெயர் அது. அங்கிருந்து ஓட்டம் இரண்டாகப் பிரிந்து, இரு காதுகளுக்கும் பின்னால் வளைந்து இறங்கி, கழுத்துச் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. பலருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருபக்கக் கால்வாய் பிறவியிலேயே ஒடுங்கி இருக்கலாம். ஸ்கேனில் இது அடைப்பைப்போலத் தோன்றிப் புதியவர்களை ஏமாற்றும்.

உச்சிக் கால்வாய்க்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறத்தாழ 150 மில்லி தெளிந்த திரவம் இருக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. பழையது வெளியேற வேண்டும். அதில் பெரும்பகுதி இந்தக் கால்வாயின் சுவரில் இருக்கும் சின்னச் சின்ன மொட்டுகள் வழியாக ரத்தத்தில் கலந்து போகிறது. கால்வாய் அடைபட்டால் ரத்தமும் தேங்குகிறது, இந்தத் திரவமும் தேங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

வலிப்பது எது?

மூளைக்கு வலி தெரியாது. தோலிலும் பல்லிலும் இருக்கும் வலி உணரும் நரம்பு முனைகள் மூளைச் சதையில் இல்லை. அப்படியானால் தலைவலியில் வலிப்பது எது? 1940ல் ப்ரான்சன் ரே, ஹரால்ட் உல்ஃப் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு நேரடியாக விடை தேடினார்கள். மண்டை அறுவை சிகிச்சையின்போது, விழிப்போடு இருந்த நோயாளிகளின் தலைக்குள் ஒவ்வோர் இடமாகத் தொட்டும் இழுத்தும், எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூளையைத் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. பெரிய சிரைக் கால்வாய்கள், அவற்றில் வந்து சேரும் சிரைகள், அடிப்பகுதித் தமனிகள், மூளையின் மேலுறையில் சில இடங்கள்: இவைதான் வலித்தன.

சிரை அடைப்பில் ஏன் தலைவலி முன்னால் வந்து நிற்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். கட்டி உட்கார்வதே வலி தெரியும் இடத்தில். சுவர் விரிகிறது, உறை இழுபடுகிறது, உள்ளழுத்தம் ஏறுகிறது. மூளைச் சதை பாதிக்கப்படுவதற்கு நாள்கள் முன்பாகவே வலி பேச ஆரம்பித்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் உடல் நமக்கு நல்லது செய்திருக்கிறது.

இந்த நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பிலேயே தலைவலி இருக்கிறது. 1825ல் பிரான்சில் ரீப் என்ற மருத்துவர், மாதக்கணக்கில் கடும் தலைவலியும் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு இறந்த 45 வயது ஆண் ஒருவரின் தலையைத் திறந்து, உச்சிக் கால்வாயில் உறைந்த ரத்தத்தைக் கண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து எடின்பரோவின் ஜான் அபர்க்ரோம்பி, சிக்கலில்லாமல் பிரசவம் முடிந்த இளம்பெண் ஒருவருக்கு இதே நிலை வந்ததை எழுதினார். வலிப்பு ஓயாமல் அவரும் இறந்தார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இது பிணவறையில் மட்டுமே உறுதி செய்யப்பட்ட நோயாக இருந்தது. வந்தால் மரணம்தான் என்ற எண்ணமும் அதனால்தான் வேரூன்றியது. பிழைத்தவர்களை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தலைவலியின் சுபாவம்

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று தனி முத்திரை கொண்ட தலைவலி கிடையாது. ஒற்றைத் தலைவலிபோல ஒருபக்கம் விண்விண் என்று தெறிக்கலாம்; தலை முழுவதும் கனத்துக் கிடக்கலாம்; பிடரியில் மட்டும் இருக்கலாம். வலிக்கும் இடத்தை வைத்து, கட்டி எங்கே என்று சொல்லவும் முடியாது. எவ்வளவு கடுமை என்பதும் நம்பத்தக்க அளவுகோல் இல்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு மாதம் இருமுறை உயிர் போகிற வலி வரும். அதில் ஆபத்து இல்லை. இங்கே நிதானமான வலியிலும் ஆபத்து இருக்கலாம்.

ஆகவே 'எவ்வளவு வலிக்கிறது' என்பதைவிட, 'எப்போது தொடங்கியது, எப்படிப் போகிறது, யாருக்கு வந்திருக்கிறது' என்ற மூன்றும்தான் பேசும்.

எப்போது தொடங்கியது என்றால் பெரும்பாலும் தேதி சொல்லிவிடலாம். போன வெள்ளிக்கிழமை வரை இல்லை, சனிக்கிழமையிலிருந்து இருக்கிறது. எப்படிப் போகிறது என்றால் கூடிக்கொண்டே போகிறது. நடுவில் நல்ல நாள் இல்லை. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் அடங்கி, அதே இடத்துக்குத் திரும்புகிறது. இடியிறங்கியதுபோல ஒரே நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலியாகவும் சிலருக்கு வரும். அப்படி வந்தால் காரணம் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் இந்த நோயில் படிப்படியாக ஏறும் வலியே வழக்கம்.

பிறகு, படுக்கை. நிற்கும்போது தலையின் ரத்தம் கீழ்நோக்கி எளிதாக இறங்குகிறது. படுத்தால் அந்த உதவி போய்விடுகிறது. ஏற்கெனவே அடைபட்ட வடிகால் மேலும் திணறுகிறது. அதனால்தான் படுத்தால் வலி கூடுகிறது, விடியற்காலையில் உச்சத்தில் இருக்கிறது. இருமல், தும்மல், முக்கல், குனிதல் எல்லாமே உள்ளழுத்தத்தை ஒரு கணம் ஏற்றுபவை. அப்போதெல்லாம் வலி பொங்கும்.

அத்தை சொன்ன முதுகு ஊசியை இங்கே கவனிக்க வேண்டும். அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. சிசேரியனுக்காக முதுகில் ஊசி போடும்போது, தண்டுவடத் திரவம் சிறிது கசிந்து, சிலருக்கு உண்மையாகவே தலைவலி வரும். ஆனால் அது நேரெதிர் சுபாவம் கொண்டது. எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் சட்டென்று குறையும். திரவம் குறைந்து அழுத்தம் தாழ்ந்ததால் வரும் வலி அது. சிரை அடைப்பில் அழுத்தம் ஏறியதால் வரும் வலி. ஆகவே பிரசவித்த பெண்ணிடம் கேட்க வேண்டிய மிக எளிய கேள்வி, படுத்தால் குறைகிறதா, கூடுகிறதா என்பது. முதல் நாள்களில் படுத்தால் குறைந்துகொண்டிருந்த வலி, பிறகு எப்படி இருந்தாலும் ஓயாத வலியாக மாறினால் அந்த மாற்றமே ஓர் எச்சரிக்கை. முதுகு ஊசித் தலைவலி வந்த சிலருக்குப் பின்னால் சிரையில் உறைவும் ஏற்பட்டதுண்டு. இந்த விதி நூற்றுக்கு நூறு பொருந்தாது. ஆனால் வீட்டிலேயே, செலவில்லாமல் கேட்கக்கூடிய கேள்வி.

தலைவலி தனியாகவே நீடிப்பவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பின்னால் வேறு அறிகுறிகள் சேரும். உள்ளழுத்தம் கண் நரம்பை அழுத்தினால் பார்வை மங்கும். குனிந்து எழும்போது கணநேரம் கண் இருட்டும். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு நசுங்கினால் ஒன்று இரண்டாகத் தெரியும். காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து 'உஸ் உஸ்' என்று ஓசை கேட்கலாம். மூளைச் சதையே பாதிக்கப்பட்டால் வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், மந்தம். 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004ல் வெளியான பெரிய ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலியும், ஐந்தில் இரண்டு பேருக்கு வலிப்பும் இருந்தன. தமனி அடைப்புப் பக்கவாதத்தில் தொடக்கத்திலேயே வலிப்பு வருவது இந்த அளவுக்குக் கிடையாது. ஆகவே இளம் வயதில், சில நாள் தலைவலிக்குப் பின் முதல் முறையாக வலிப்பு வந்தால், மருத்துவரின் மனத்தில் முதல் வரிசையில் வந்து நிற்கும் பெயர்களில் இதுவும் ஒன்று. வலிப்போ பலவீனமோ வந்துவிட்டால் தைலம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

யாருக்கு வருகிறது?

பக்கவாதம் என்றால் முதியவர்களின் நோய் என்று நினைக்கிறோம். இது அப்படியில்லை. அந்த 2004 ஆய்வில் பாதிப் பேர் 37 வயதைத் தாண்டாதவர்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள். காரணம் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜென் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. பேறுகாலமும் அப்படித்தான்: பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் காக்க உடல் தானாகவே உறையும் தன்மையை ஏற்றி வைக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு அது இறங்கிவரச் சில வாரங்கள் ஆகின்றன. இந்த ஏற்பாடு தாயின் உயிரைக் காப்பதற்கானது; அரிதாகச் சிலருக்கு அதுவே வினையாகிறது.

அதோடு நீரிழப்பும் சேர்ந்தால் ரத்தம் இன்னும் கெட்டியாகிறது. நம் ஊர்ப் பத்தியத்தில் எனக்குச் சண்டை உள்ள ஒரே இடம் இதுதான். பூண்டும் கருவாட்டுக் குழம்பும் அவரவர் பாடு. ஆனால் பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொம்பைத் தள்ளி வைக்கிறார்களே, அதை நிறுத்த வேண்டும். பாலூட்டும் உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. பேறுகால உறைவுக்கு இந்த நீர்க் கட்டுப்பாடும் ஒரு காரணியாக இருக்கலாம் என்று இந்திய மருத்துவர்கள் நெடுநாளாக எழுதி வருகிறார்கள்.

கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜென் உள்ளவை அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகின்றன. உடல் பருமனும் சேர்ந்தால் இன்னும் அதிகம். பல மடங்கு என்றாலும் மூல எண் மிகச் சிறியது என்பதால், மாத்திரை எடுக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை விஷயம் கொஞ்சம் வேறு. கோயில் கொடை, கல்யாணம், யாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்காமலே மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் தரப்படுவது நோரெத்திஸ்டெரோன். அது உடலுக்குள் போனபின் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜெனாக மாறுகிறது. காலில் முன்பு ரத்தக் கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் அப்படி வரலாறு உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதை எடுக்கக் கூடாது. ஈரானில் இஸ்ஃபஹான் நகர மருத்துவர்கள் ரமலான் மாதத்தில் இந்த நோய் கூடுவதைக் கவனித்து எழுதினார்கள். நோன்பால் வரும் நீரிழப்பும், நோன்பு தடைபடாமலிருக்க எடுக்கும் ஹார்மோன் மாத்திரையும் ஒரே உடலில் சந்திக்கும் காலம் அது.

ஆண்களுக்கு வராது என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ நிறுவனம் 2012ல் வெளியிட்ட 428 நோயாளிகளின் பதிவேட்டில் ஆண்களே சற்று அதிகம். காரணிகளின் வரிசையில் ரத்தசோகையும் மதுப்பழக்கமும் முன்னே நின்றன. ஐரோப்பியப் புத்தகத்தைப் படித்துவிட்டு நம் ஊர் வார்டுக்கு வருபவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. பிறவியிலேயே ரத்தம் எளிதில் உறையும் மரபுக் கோளாறுகள், புற்றுநோய், சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய், சில மூட்டு ரத்தநாள அழற்சி நோய்கள், தலைக்காயம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. காதில் சீழ் வடிந்து எலும்புக்குள் பரவினால் பக்கத்திலேயே ஓடும் கால்வாயில் உறைவு வரலாம். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் கிருமித்தொற்றே இதன் பெரிய காரணம். மூக்கோரத்துப் பருவைக் கிள்ளாதே என்று பாட்டி சொல்வதிலும் பொருள் உண்டு. அங்கிருந்து சிரைகள் கண்ணுக்குப் பின்னால் உள்ள கால்வாய்க்குப் போகின்றன.

காரணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதுதான் பெரும்பாலும் உறைவு நிகழ்கிறது. பலரும் அறிந்த உதாரணம் ஹிலாரி கிளின்டன். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த அவர், 2012 டிசம்பரில் வயிற்றுக் கோளாறால் நீரிழந்து, மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டார். சில வாரம் கழித்துத் தொடர் பரிசோதனையாக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், வலது காதுக்குப் பின்னால் உள்ள கால்வாயில் உறைவு தெரிந்தது. 1998ல் அவருக்குக் காலிலும் ஒரு கட்டி வந்திருந்தது. பக்கவாதமோ நரம்புப் பாதிப்போ ஏற்படவில்லை என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். உறைவைத் தடுக்கும் மருந்தோடு புத்தாண்டு பிறந்த இரண்டாம் நாள் வீடு திரும்பினார்.

கொரோனா தடுப்பூசியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஆஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பின், ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூளைச் சிரையில் உறைவு ஏற்பட்டது 2021ல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் வந்தது அதுதான். ஆனால் அந்த அரிய விளைவு ஊசி போட்ட முதல் சில வாரங்களில் வந்தது. ஆண்டுகள் கழித்து இன்று வரும் தலைவலிக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

சி.டி. நார்மல் என்றால்?

அவசரப் பிரிவில் தலைவலிக்கு முதலில் எடுப்பது சாதாரண சி.டி. ஸ்கேன். ரத்தக்கசிவையும், மூளையில் வளரும் பெரிய கட்டியையும் (ட்யூமர்) உடனே காட்டும். ஆனால் சிரை உறைவில் அது முற்றிலும் இயல்பாகத் தெரிவதுண்டு. 'ஸ்கேன் நார்மல், போய் ஓய்வெடுங்கள்' என்ற வாக்கியத்தோடு வீடு திரும்பி, மூன்று நாள் கழித்து வலிப்போடு வந்தவர்களின் கதை இந்த நோயில் புதிதில்லை. சிரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் சிரைகளைப் பார்ப்பதற்கென்றே உள்ள படத்தை எடுக்க வேண்டும்: எம்.ஆர்.ஐ.யோடு எம்.ஆர். வெனோகிராம், அல்லது சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. வெனோகிராம். சாயம் ஓடினால் கால்வாய் வெள்ளையாக நிரம்பித் தெரியும். உச்சிக் கால்வாயின் குறுக்குவெட்டு முக்கோண வடிவம் கொண்டது. உள்ளே கட்டி இருந்தால் ஓரம் மட்டும் வெளுத்து, நடு கறுத்து நிற்கும். 'வெற்று முக்கோணம்' என்று கதிரியல் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படிக்கும் அடையாளம் அது.

இயந்திரமே வேண்டாத சோதனை ஒன்றும் உண்டு. கண்ணுக்குள் விளக்கடித்துக் கண் நரம்பின் வாயைப் பார்ப்பது. அது வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். இரண்டு நிமிட வேலை. அவசரப் பிரிவுகளில் இது அருகிவருவது வருத்தமான விஷயம். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை ஓரளவு உதவும். ஆனால் அது இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரசவித்தவர்களுக்கு அது எப்படியும் உயர்ந்துதான் இருக்கும்.

நோயாளியின் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது, கதையை ஒழுங்காகச் சொல்வது. 'பயங்கரமாக வலிக்கிறது டாக்டர்' என்பதைவிட, 'எட்டு நாளாக இருக்கிறது, தினமும் கூடுகிறது, படுத்தால் அதிகம், பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகிறது' என்பது நூறு மடங்கு பயனுள்ள வாக்கியம். மாத்திரை எடுத்திருந்தால் அட்டையையே கையோடு கொண்டுபோகலாம். மாதவிலக்கு மாத்திரையை 'மருந்து' என்றே பலர் எண்ணுவதில்லை. வேறேதும் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

கசிவு இருக்கும்போது உறைவைத் தடுப்பதா?

இந்த நோயின் சிகிச்சையில்தான் குடும்பங்கள் அதிகம் திகைக்கின்றன. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவும் தெரிகிறது என்கிறார் மருத்துவர். அடுத்த மூச்சில், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி தொடங்குகிறோம் என்கிறார். கசிகிற ரத்தத்தை மேலும் இளக்குவதா?

வடிகாலுக்கே திரும்புவோம். வடிகால் அடைத்து, நீர் மட்டம் ஏறி, வரப்பு உடைந்து தண்ணீர் வழிகிறது. வரப்பு உடைந்ததற்குக் காரணம் அடைப்பு. அடைப்பை அப்படியே விட்டுவிட்டு வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொரு இடத்திலும் உடையும். சிரை அடைப்பில் கசிவு அப்படி வருவதுதான். ஹெப்பாரின் கட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமல் நிறுத்துகிறது. கரைக்கும் வேலையை உடலே மெதுவாகச் செய்துகொள்கிறது. அழுத்தம் இறங்கினால் கசிவும் நிற்கிறது.

இந்த வாதத்தை மருத்துவ உலகமும் எளிதில் ஏற்கவில்லை. 1991ல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் என்ற மருத்துவரும் குழுவினரும் ஒரு சிறு பரிசோதனையை வெளியிட்டார்கள். மொத்தமே 20 நோயாளிகள். பத்துப் பேருக்கு ஹெப்பாரின், பத்துப் பேருக்கு வெற்று மருந்து. ஹெப்பாரின் பெற்றவர்களில் எட்டுப் பேர் முழுமையாகத் தேறினார்கள், யாரும் இறக்கவில்லை. மற்றவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இருபது பேரை வைத்து உலகத்துக்கு விதி எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை மருத்துவர்கள் பேறுகால உறைவு வந்த பெண்களிடம் ஹெப்பாரினைச் சோதித்தது உட்பட மேலும் சில ஆய்வுகள் பின்னர் வந்தன. இன்று கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் என்பதே பொது நடைமுறை.

மருத்துவமனை நாள்களுக்குப் பிறகு மாத்திரைக்கு மாறுவார்கள். நெடுங்காலமாக வார்ஃபரின்; அதற்கு ரத்தத்தின் உறையும் வேகத்தை அடிக்கடி சோதித்து அளவைத் திருத்த வேண்டும். 2019ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வுக்குப் பின் டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. பேறுகாலம்போலத் தற்காலிகக் காரணம் என்றால் மூன்று முதல் ஆறு மாதம். காரணமே பிடிபடாவிட்டால் ஆறு முதல் பன்னிரண்டு மாதம். கடுமையான மரபுக் கோளாறு இருந்தால் ஆயுள் முழுவதும். தலைவலி போய்விட்டது என்று நடுவில் தாமாகவே நிறுத்துவதுதான் நடக்கும் பெரிய தவறு. மூளை வீக்கம் உயிருக்கே ஆபத்தாகும் சிலருக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து வைத்து, மூளைக்கு இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் அது உயிர் காக்கிறது.

2004 ஆய்வின் 624 பேரில் 79 விழுக்காட்டினர் முழுமையாகவோ, சிறு அறிகுறிகள் மட்டுமே மிச்சமாகவோ நலம் பெற்றார்கள். இறந்தவர்கள் எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். தேறியவர்களில் சிலருக்குத் தலைவலி மட்டும் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. அது மறுபடியும் கட்டிதானோ என்ற பயமும் கூடவே தங்குகிறது. பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பழைய வலியின் போக்கு மாறினால் மட்டும் மறுபடி படம் எடுப்பார்கள்.

நம் கற்பனைப் பெண்ணுக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: இன்னொரு பிள்ளை பெறலாமா? பெறலாம். இந்த நோய் வந்ததே அடுத்த கர்ப்பத்துக்குத் தடை இல்லை. ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரை மட்டும் இனி அவளுக்கு ஆகாது. காப்பர்-டி போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. வார்ஃபரின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போய்விடும் என்பதால், கர்ப்ப காலத்தில் அதற்குப் பதிலாக வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசிதான். வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் செவிலியர் கற்றுத்தருவார். பிரசவத்துக்குப் பின்னும் குறைந்தது ஆறு வாரம் அது தொடரும். பாலூட்டுவதற்கு அதனால் இடைஞ்சல் இல்லை.